எத்தனை பேருக்கு வேலை?

மோட்டார்த் தொழிற்சாலை ஒன்று வரப்போகிறது என்று பத்திரிகைகளில் செய்தி வெளியாகும்போதெல்லாம் அதனுடன் இரண்டு எண்களும் சேர்ந்து வருகின்றன. முதலீடு எத்தனை கோடி ரூபாய் என்பது ஒன்று. எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்பது மற்றொன்று. முதல் எண்ணைக் கண்டு மந்திரிமார் பூரிப்படைகிறார்கள். இரண்டாவது எண்ணைக் கண்டு பூரிப்படைகிறவர்கள் பிள்ளை பெற்றவர்கள். "நம் பையனுக்கும் அதில் ஓர் இடம் கிடைக்காமலா போகும்?" என்று அவர்கள் நினைப்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டாவது எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. இந்த வாரம் நாம் அதைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம்.

பார்க்கும் இடமாகப் புதுவையைச் சேர்ந்த ரெட்டியார்பாளையத்தை வைத்துக் கொள்வோம். இந்திரா காந்தி சதுக்கத்தைக் கடந்து வில்லியனூர்ச் சாலையில் மேற்கே சென்றால் இந்த ஊர் வருகிறது. உழவர்கரை நகராட்சியில் அடங்கியது. படித்த, சுமாரான வருமானமுள்ள குடும்பங்கள் நிறைந்தது. பக்கத்தில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகள். இதே சாலையில் இன்னும் மேற்கே போனால், துணி துவைக்கும் யந்திரம் செய்யும் திருபுவனை. நெட்டப்பாக்கம் கொம்யூனில் ஒரு பெரிய டயர்த் தொழிற்சாலை. முழு மோட்டார் வண்டி செய்யும் தொழிற்சாலை மட்டும் புதுவையில் இல்லை. அதற்கு நம் வாலிபர்கள் வடக்கே நூறு மைலுக்கு உட்பட்ட மறைமலைநகருக்கும், ஒரகடத்துக்கும், ஸ்ரீபெரும்புதூருக்கும் போகவேண்டும். போகிறார்கள். தொழிற்பயிற்சிச் சான்றிதழையும் டிப்ளமாவையும் பெட்டியில் வைத்துக் கொண்டு போய், நாலைந்து பேராக ஓர் அறை எடுத்துத் தங்கி, இரவு பகல் என்று முறை மாற்றி வேலை செய்கிறார்கள். அவர்களுடைய எதிர்காலம்தான் நமக்கு இங்கே விஷயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தொழிற்சாலைகளை வேண்டாமென்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல நாம். இந்தத் தேசம் தனக்கு வேண்டிய மோட்டாரைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்று 1930-களிலேயே மைசூர் விசுவேசுவரய்யா திட்டம் வகுத்துக் கொண்டு சர்க்காரின் கதவைத் தட்டினார். அன்னிய ஆட்சி அதற்கு ஆதரவு காட்டவில்லை. ஆயினும் 1942-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பிறந்தது. 1944-ல் வால்சந்த் ஹீராசந்த் பம்பாயில் பிரிமியர் கம்பெனியை ஆரம்பித்தார். சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனியும் அசோக் மோட்டார்ஸும் தோன்றின. பின்னது எண்ணூரில் வேர் விட்டு, அசோக் லேலண்டாக இன்றும் பஸ்களும் லாரிகளும் செய்து வருகிறது. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியர்களின் ஹியுண்டாய் வண்டிகள் வெளிவருகின்றன. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ, நிஸான் கம்பெனிகளின் கூட்டுத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் தேசத்து வின்பாஸ்ட் கம்பெனியின் மின்சார மோட்டார்த் தொழிற்சாலை துவக்கப்பட்டது. சென்னையை உலகத்தின் மோட்டார் நகரங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள் என்றால் அது வெறும் புகழ்ச்சி அல்ல.

ஒரு மோட்டார்த் தொழிற்சாலை தனியாகவும் வருவதில்லை. சின்னத் திருகாணி வரையில் எண்ணினால் ஒரு வண்டியில் ஏறக்குறைய 30,000 உறுப்புகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தாய்த் தொழிற்சாலை செய்வதே இல்லை. கண்ணாடி ஒருவர், இருக்கை ஒருவர், விளக்கு ஒருவர், மின்கம்பித் தொகுதி ஒருவர் என்று சுற்றியுள்ள சிறு தொழிற்சாலைகள் செய்து கொடுக்கின்றன. பிறகு லாரிக்காரர், சமையல்காரர், காவற்காரர், வீட்டு வாடகைக்காரர், இட்டிலிக் கடைக்காரர் என்று பிழைப்பு விரிகிறது. ஆலமரம் ஒன்று நின்றால் அதன் கீழே சந்தை கூடுவது இயற்கைதானே!

இப்போது கணக்குக்கு வருவோம். ராணிப்பேட்டை ஜில்லா பணப்பாக்கத்தில் டாட்டா கம்பெனியாரின் மோட்டார்த் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. முதல் 9,000 கோடி ரூபாய். நேராகவும் மறைமுகமாகவும் சேர்த்து 5,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். வகுத்துப் பாருங்கள்: ஒரு வேலைக்கு 1 கோடியே 80 லக்ஷம் ரூபாய் ஆகிறது. அதிலும், 'மறைமுகமாக' என்ற சொல்லுக்குள் மேலே சொன்ன லாரிக்காரரும் இட்டிலிக் கடைக்காரரும் அடங்கிவிடுகிறார்கள்.

பணம் இவ்வளவு, ஆட்கள் இவ்வளவுதானா என்று திகைக்க வேண்டாம். இந்தக் காலத்து மோட்டார்த் தொழிற்சாலையில் தகடுகளைப் பற்றவைப்பதும், வண்டிக்கு வர்ணம் பூசுவதும் பெரும்பாலும் யந்திரக் கைகள். மின்சார வண்டி வந்துவிட்டால் இன்னொரு மாறுதலும் நேருகிறது. எண்ணெயால் ஓடும் என்ஜின், புகைக் குழாய், பல கியர்கள் கொண்ட பெட்டி முதலியவை அதில் கிடையா. அந்த உறுப்புகளைச் செய்து பிழைத்த சிறு பட்டறைகள் வேறு வேலை தேடவேண்டும். ஆகவே, இருபது வருஷத்துக்கு முன் கட்டிய தொழிற்சாலையைப் பார்த்து, புதிதாக வருவதும் அத்தனை பேரை வாங்கிக்கொள்ளும் என்று மனக்கணக்குப் போடுவது சரியாகாது.

எண் எப்படியானாலும் போகட்டும். அந்த எண்ணுக்குள் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வகைதானா? இதுதான் முக்கியமான கேள்வி.

ஒரு தொழிற்சாலையின் வாசலில் நின்று பார்த்தால், ஒரே நேரத்தில் ஒரே மாதிரி உடுப்பணிந்து உள்ளே போகிற ஆயிரம் பேரும் நம் கண்ணுக்குத் தொழிலாளிகளே. சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் மூன்று நான்கு ஜாதி. நிரந்தரத் தொழிலாளி கம்பெனியின் பதிவேட்டில் இருப்பவர். சம்பள உயர்வு, சங்கம், பணிக்கொடை எல்லாம் முதலில் அவருக்கு. ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பவர் நடுவிலுள்ள ஒப்பந்தக்காரர். கம்பெனிக்கு அவர் வெளி ஆள். குறித்த கால வேலைக்காரர் ஒருவர். எழுதிய காலம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவேண்டியவர். கடைசியாகப் பயிலுநர். 1961-ஆம் வருஷத்துப் பயிலுநர் சட்டம் இவரைத் தொழிலாளி என்றே கருதுவதில்லை. இவருக்குக் கிடைப்பதும் சம்பளம் அல்ல, உதவித் தொகை. நாலு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதே வண்டிக்கு அதே திருகாணியை முடுக்கக்கூடும். மாத முடிவில் கையில் வாங்குவதோ வெவ்வேறு.

இது எங்கோ ஓரிடத்தில் நடப்பது அல்ல. சர்க்காரே வருஷந்தோறும் எடுக்கிற தொழிற்சாலைக் கணக்கின்படி, இந்தியாவின் தொழிற்சாலைத் தொழிலாளரில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்பவர்கள் இப்போது நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். இந்த நூற்றாண்டு பிறந்த சமயத்தில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்தார்கள். வருஷம் முழுவதும் நடக்கிற வேலையில் ஒப்பந்தக் கூலியைத் தடுக்கச் சர்க்காருக்கு அதிகாரம் அளித்து 1970-ல் ஒரு சட்டம் செய்தோம். அந்தச் சட்டம் இருந்த காலத்திலேயே இந்தப் பெருக்கமும் நிகழ்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமுலுக்கு வந்திருக்கின்றன. தொழிற்சாலையின் மூல வேலையில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கலாகாது என்று அவை சொல்கின்றன. விலக்குகளையும் கூடவே வைத்திருக்கின்றன. குறித்த கால வேலைக்காரருக்கு ஒரு வருஷம் முடிந்தாலே பணிக்கொடை உண்டு என்கின்றன. இது நல்ல மாறுதல். ஆனால் குறித்த காலத்தையே வழக்கமாக்கி, நிரந்தர வேலையை அபூர்வமாக்கிவிட இடம் கொடுக்குமானால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டதாகவே ஆகும்.

தொழிலாளி நிலைத்து இருப்பது முதலாளிக்கு நஷ்டம் என்று சிலர் எண்ணுகிறார்கள். இதற்கு மோட்டார்த் தொழிலின் ஆதி புருஷரான ஹென்றி போர்டின் அனுபவமே பதில் சொல்லும். 1913-ல் அவர் தம் தொழிற்சாலையில் நகரும் வரிசை முறையைப் புகுத்தினார். மனிதன் வண்டியைத் தேடிப் போவதற்குப் பதிலாக வண்டி மனிதனைத் தேடி வந்தது. வண்டிகள் மளமளவென்று முடிந்தன. ஆட்களோ நிற்கவில்லை. நாள் முழுவதும் ஒரே அசைவைச் செய்யச் சகியாமல் ஓடிப்போனார்கள். 14,000 பேர் வேலை செய்யும் இடத்தில், அந்த எண்ணிக்கை குறையாதிருக்க ஒரே வருஷத்தில் 52,000 பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது! 1914 ஜனவரியில் போர்டு, நாளொன்றுக்கு எட்டு மணி வேலை, ஐந்து டாலர் வரை கூலி என்று அறிவித்தார். அதற்குமுன் கூலி அதில் பாதி அளவு. தர்ம சிந்தனையால் மட்டும் அவர் இதைச் செய்யவில்லை. தொழிலாளியின் வீட்டுக்குள் ஆளை அனுப்பி அவன் நடத்தையை விசாரித்த பிறகே முழுத் தொகையைக் கொடுத்தார். அந்த அளவுக்குக் கணக்குப் பார்ப்பவர். கணக்குப் பார்த்த மனிதருக்கே, நிலைத்த தொழிலாளி லாபம் என்று புலப்பட்டது.

அந்த ஹென்றி போர்டின் கம்பெனிதான் மறைமலைநகரிலும் கடை விரித்தது. அதன் கதையை ரெட்டியார்பாளையத்துப் பெற்றோர்கள் அறிந்திருப்பது நல்லது. 1995-ல் மஹிந்திரா கம்பெனியுடன் கூட்டாக இந்தியாவுக்கு வந்த போர்டு, 1999 முதல் மறைமலைநகரில் வண்டிகள் செய்தது. அங்கிருந்து கப்பலேறி வெளிநாடுகளுக்கும் போயின. உள்நாட்டில் மட்டும் எதிர்பார்த்த விற்பனை கைகூடவில்லை. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கம்பெனி கணக்குக் காட்டியது. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்திவிடுவதாக அறிவித்தது. குஜராத்தில் சாணந்து, தமிழ்நாட்டில் மறைமலைநகர் ஆகிய இரண்டு இடங்களிலும் சேர்ந்து ஏறக்குறைய 4,000 பேரின் வேலை இதனால் ஆட்டம் கண்டது. 2022 மே மாதக் கடைசியில், நஷ்டஈடு போதாது என்று மறைமலைநகர்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திப் போராடினார்கள். அந்த ஆண்டின் நடுவிலேயே கடைசி வண்டியும் வெளியே வந்தது.

சாணந்துத் தொழிற்சாலையை டாட்டா கம்பெனியார் விலைக்கு வாங்கினர். வண்டி செய்யும் பகுதியில் இருந்த தகுதியுள்ள ஊழியர்களுக்கு வேலை தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. 2023 ஜனவரியில் கைமாறியது. மறைமலைநகருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. யந்திரங்கள் மௌனமாக நின்றன. 2024-ல் போர்டு திரும்பி வர விருப்பம் தெரிவித்தது. 2025 அக்டோபர் கடைசியில் தமிழ்நாட்டு அரசுடன் புது உடன்படிக்கை செய்துகொண்டது. இம்முறை செய்யப்போவது முழு வண்டி அல்ல, என்ஜின்கள் மட்டும். முதல் 3,250 கோடி ரூபாய், வேலை 600 பேருக்கு, உற்பத்தி 2029-ல். ஒரு வேலைக்கு ஐந்து கோடிக்கு மேல் ஆகிறது என்பதை நேயர்களே வகுத்துப் பார்த்துக் கொள்ளலாம். கம்பெனி திரும்பி வருவதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் 2022-ல் நாற்பது வயதில் வெளியே வந்த ஒருவர் 2029-ல் நாற்பத்தேழு வயதில் அந்த வாசலில் நின்றால், அந்த அறுநூறில் அவருக்கு இடம் இருக்குமா?

தவிர, கதவு மூடும்போது பேரம் பேசச் சங்கமும், பதிவேட்டில் பேரும் உள்ளவர்களுக்கு ஏதோ நஷ்டஈடாவது கிடைக்கிறது. இருக்கை தைத்துக் கொடுத்த சிறு தொழிற்சாலையின் கூலிக்கும், ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும், பஸ் ஓட்டியவருக்கும் யார் என்ன கொடுப்பார்கள்? வேலைகளைக் கூட்டும்போது 'மறைமுக வேலை' என்று அவர்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள். நஷ்டத்தைக் கழிக்கும்போது மட்டும் அவர்களை மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பாடத்தைப் புதுவைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மோட்டார் இல்லாவிட்டாலும் மில்கள் இங்கே இருந்தன. ரோடியர் மில் என்று ஜனங்கள் அழைத்த ஆங்கிலோ பிரெஞ்சு மில் 1898-ல் தொடங்கியது. அந்த மில்லும், சவானா மில்லும், கெப்ளே மில்லும் தலைமுறை தலைமுறையாகப் புதுவைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. சும்மா போட்டுவிடவில்லை. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸாரின் துப்பாக்கிக்குப் 12 தொழிலாளர்கள் பலியானார்கள். அதன் பிறகே, வ. சுப்பையா போன்றோரின் இடைவிடாத முயற்சியால், 1937-ல் எட்டு மணி வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் இந்த மண்ணில் சட்டமாயின. ஒரு மில் வேலை கௌரவமான வேலையாக ஆனது, முதலாளி திறந்த நாளில் அல்ல. தொழிலாளி உரிமை பெற்ற நாளில்தான். பின்னாளில் ஆங்கிலோ பிரெஞ்சு மில்லைச் சர்க்காரே ஏற்று நடத்தியது. 2011 டிசம்பரில் 'தானே' புயல் அதைச் சின்னாபின்னமாக்கியது. 2020 ஏப்ரல் 30 அன்று அதன் கதவு மூடப்பட்டது. கூரை போனதற்குப் புயலைக் குறை கூறலாம். புது யந்திரமும் புதுத் துணியும் காலத்தில் வராததற்குப் புயல் என்ன செய்யும்?

நடுவிலே இன்னொரு காலமும் வந்து போயிற்று. விற்பனை வரியில் விலக்கு, வருமான வரியில் விலக்கு என்று சலுகைகள் கொடுத்துப் புதுவை தொழிற்சாலைகளை அழைத்தது. வந்தன. சலுகைக் காலம் முடிந்ததும், வேர் விட்டவை தங்கின; மற்றவை யந்திரங்களைக் கழற்றிக்கொண்டு வேறு சலுகை உள்ள இடத்துக்குப் புறப்பட்டன. சேதராப்பட்டு, கரசூர் பக்கத்தில் விசேஷப் பொருளாதார மண்டலத்துக்கென்று 700 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தார்கள். மண்டலம் வரவில்லை; நிலம் மட்டும் நெடுங்காலம் தரிசாகக் கிடந்தது. இனி அந்த நிலத்திலோ வேறிடத்திலோ மோட்டார் உறுப்புத் தொழிற்சாலைகள் வரக்கூடும். வரவேண்டும் என்பதே நம் விருப்பம். வரும்போது பழைய தவறுகள் வேண்டாம்.

சர்க்காருக்கு நாம் சொல்வது இதுதான். நிலமும் மின்சாரமும் வரிச் சலுகையும் ஜனங்களின் சொத்து. அவற்றைக் கொடுக்கும்போது எத்தனை பேருக்கு வேலை என்று மட்டும் எழுதி வாங்கினால் போதாது. அவர்களில் கம்பெனியின் பதிவேட்டில் எத்தனை பேர், ஒப்பந்தக்காரரிடம் எத்தனை பேர், பயிலுநர் எத்தனை பேர் என்று பிரித்து எழுதி வாங்க வேண்டும். சலுகையை முன்கூட்டி மொத்தமாகக் கொடுக்காமல், வேலை இருக்கிற அளவுக்கு வருஷா வருஷம் கொடுக்கலாம். கம்பெனி கைமாறினாலும் மூடினாலும் தொழிலாளிக்கு என்ன வழி என்பதை, மூடும் நாளில் அல்ல, திறக்கும் நாளிலேயே எழுதிவிட வேண்டும். சாணந்தில் விற்கும் சமயத்தில் எழுத முடிந்ததை, இங்கே தொடங்கும் சமயத்தில் ஏன் எழுதக்கூடாது?

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பையனோ பெண்ணோ மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், உத்தரவுக் கடிதத்தை வாங்கிப் பாருங்கள். அதன் தலைப்பில் கம்பெனியின் பெயர் இருக்கிறதா, ஒப்பந்தக்காரரின் பெயரா? காலம் குறித்திருக்கிறதா? சேமநல நிதிக் கணக்கு எண் உண்டா? 'பயிற்சி' என்று எழுதியிருந்தால், அது முடிந்தபின் என்ன என்று எழுதியிருக்கிறதா? இந்த நாலு கேள்விகளையும் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற நாம் உத்தியோகத்துக்கு இந்த அளவாவது பார்க்க வேண்டாமா?

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வரிசையில் நின்று நிமிஷத்துக்கு ஒரு வண்டிக்கு ஒரே இடத்தில் திருகாணி முடுக்குகிறவன், மூன்று வருஷம் முடுக்கினாலும், அந்த வரிசையை விட்டு வெளியே வந்தால் அவன் கையில் ஒரு தொழில் இருப்பதில்லை. அச்சு வார்க்கவும், கடைசல் பிடிக்கவும், பற்றவைக்கவும், மின்சாரப் பழுது பார்க்கவும், யந்திரக் கையை இயக்கவும் திருத்தவும் கற்றவனுக்கு ஒரு கதவு மூடினால் மறு கதவு திறக்கும். ஆகவே, சீக்கிரமாகக் கிடைக்கிற வேலையைவிட, தொழில் கற்றுக்கொடுக்கிற வேலையைத் தேடச் சொல்லுங்கள். கை அழுக்காகும் வேலை குறைந்த வேலை என்ற எண்ணம் நம் நடுத்தர வகுப்பாரிடம் இன்னும் சற்று மிச்சமிருக்கிறது. அதையும் இத்தோடு விட்டுவிடலாம்.

அடுத்த முறை பத்திரிகையில் 'இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை' என்று கொட்டை எழுத்தில் படிக்கும்போது, நேயர்கள் சந்தோஷப்படட்டும், நாமும் படுவோம். சந்தோஷப்பட்ட பிறகு, யாருடைய பதிவேட்டில், எத்தனை வருஷத்துக்கு, என்ன தொழில் கற்றுக்கொடுத்து என்று, தொகுதிப் பிரதிநிதி ஓட்டுக் கேட்டு வரும்போது கேட்கவும் செய்யட்டும். நம் ஜனங்கள் கேட்கத் தொடங்கினால் உடன்படிக்கை எழுதுகிறவர்களும் அதற்கேற்றபடி எழுதத் தொடங்குவார்கள் என்றே நம்புகிறோம்.